ஆச்சி வீட்டுக் கதவும் ஆண்டவர் காணிக்கையும்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து எட்டுப் பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பெயர், ஊர், கடை இருக்கும் தெரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 47 வயது. பழைய சாமான் வியாபாரம் செய்கிறார். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பங்காளிகள் இடிக்கும்போதும், இடிக்கக் காசில்லாமல் உள்ளே இருப்பதை மட்டும் விற்கும்போதும் இவர் போவார். பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி, வெண்கலப் பானை என்று வாங்கிவந்து கொச்சிக்கும் சென்னைக்கும் அனுப்புவார். இன்னொருவர் கடையில் சாமான் தூக்கும் ஆளாகச் சேர்ந்தவர். 22 வருடத்தில் சொந்தக் கடை, சொந்தக் குடோன். கடைப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. 9 லட்சம் பாக்கி. குடியிருப்பது அப்பா கட்டிய வீட்டில். அப்பா 2009-ல் உயில் எழுதாமல் காலமானார். 73 வயது அம்மா இவரோடு இருக்கிறார். இரண்டு தங்கைகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. மகள் நர்சிங் இரண்டாம் வருடம், மகன் பத்தாம் வகுப்பு.

போன வருடம் தவக்காலத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில், 'தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய முடியாது' என்ற வசனத்தை (மத்தேயு 6:24) கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஷட்டரைத் தூக்கும்போதே கை தயங்குகிறதாம். கடை, குடோன், வீடு, வீட்டிலிருக்கும் நகை எல்லாவற்றையும் சபைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவதாக முடிவெடுத்திருக்கிறார். மனைவி அழுகிறார். சபைப் பாஸ்டரே 'பொறுங்கள் பிரதர்' என்று தள்ளிப்போடுகிறாராம். 'அவருக்கும் விசுவாசம் குறைவோ என்று சந்தேகமாக இருக்கிறது, வக்கீல் அம்மா' என்று எழுதியிருக்கிறார். அவருடைய கேள்விகள் மூன்று. மனைவியும் தங்கைகளும் கோர்ட்டில் தடை வாங்க முடியுமா? பத்திரத்தை எப்படி எழுதினால் பிறகு யாரும் கை வைக்க முடியாது? கிறிஸ்தவன் சொத்து வைத்திருப்பதே பாவம் இல்லையா?

தம்பி,

உங்களைவிட நான் நிறைய மூத்தவள்; அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தேவகோட்டை, காரைக்குடி, சிவகங்கை என்று கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி இறங்கியவள். என் மேசைக்கு வரும் கட்டுகளில் பெரும்பாலானவை 'எனக்கு இன்னும் கொஞ்சம் வரவேண்டும்' என்பவை. 'எனக்கு வேண்டாம்' என்று ஒருத்தர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்கள் மனமாற்றத்தின் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. நீங்கள் போட்டிருக்கும் கணக்கில்தான் சந்தேகம்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் ஐந்தாம் பக்கத்தின் அடியில் எழுதிவிட்டுப் போன ஒரு விஷயம் அந்த மூன்றையும்விடப் பெரியது. அதைக் கடைசியில் பேசுவோம்.

வீடு: பட்டா உங்கள் பேரில் இருக்கிறது என்றீர்கள்

பட்டா வருவாய்த்துறைப் பதிவு. யார் பேரில் தீர்வை என்பதை அது காட்டும். அது மட்டுமே வைத்துக்கொண்டு சொத்து உங்களுடையது என்று சொல்ல முடியாது. 'தங்கச்சிகளுக்கு நகை போட்டுச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அவங்களுக்கு இதுல என்ன இருக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் இந்த நினைப்பு உண்டு. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-ம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் அப்பா இறந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, ஆண் பெண் பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. கல்யாணத்தில் போட்ட நகையை அந்தப் பங்கில் கழிக்கவும் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

வீட்டை ஒன்பது கூறாக நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மூன்று, உங்களுக்கு இரண்டு, தங்கைகளுக்கு ஆளுக்கு இரண்டு. முழு வீட்டையும் நீங்கள் எழுதிக்கொடுத்தால், ஒன்பதில் ஏழு கூறு அடுத்தவர் சொத்தைக் காணிக்கை போட்டதாக ஆகும். தங்கைகள் வழக்குப் போட்டால் அவர்கள் பங்கு அவர்களுக்குத்தான். நீங்களும் உங்கள் சபையும் சேர்ந்து எதிர்வாதியாக நிற்பீர்கள். அம்மா எந்தப் பக்கம் நிற்பார் என்று யோசித்தீர்களா?

நகை விஷயம் ஒரே வரி. கல்யாணத்தில் உங்கள் மனைவிக்கு அவர் வீட்டார் போட்ட 22 பவுன் அவருடையது. அவர் கழற்றித் தந்தால் அது அவருடைய காணிக்கை. நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அதற்கு வேறு பெயர்.

கடையும் குடோனும்: இங்கே உங்களுக்கு உரிமை உண்டு

நீங்கள் பயப்பட்டது இங்கேதான். பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் சம்பாதித்து வாங்கிய கடையில் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பிறப்புரிமை கிடையாது. கிறிஸ்தவர்களுக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. உயிரோடு இருக்கும்போது யாருக்கு வேண்டுமானாலும் தான செட்டில்மென்ட் எழுதலாம். ஆனால் சில விஷயங்களைக் கண் திறந்து பார்க்க வேண்டும்.

வங்கிக் கடன் தீராமல் எழுதினால் சபை வாங்குவது கடையோடு 9 லட்சம் கடனையும்தான். கடன்காரரை ஏமாற்றவோ தாமதப்படுத்தவோ செய்த மாற்றம் என்று தெரிந்தால், கடன்காரர் கேட்டுக் கோர்ட் அதை ரத்து செய்ய முடியும். அடுத்தது மனைவி, மைனர் மகன், தாய் ஆகியோரின் பராமரிப்பு. முன்பு 125-ம் பிரிவு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதிய குற்ற விசாரணைச் சட்டத்தில் 144-ம் பிரிவாக இருக்கிறது. 'எல்லாத்தையும் குடுத்துட்டேன், எங்கிட்ட ஒண்ணும் இல்ல' என்ற பதில் அங்கே எடுபடாது. திடகாத்திரமான ஆள் உழைத்துச் சம்பாதிக்க முடியும் என்றுதான் கோர்ட் பார்க்கும்.

இன்னொன்று, தானம் என்பது திரும்பாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு சாட்சி வைத்துப் பதிந்து, வாங்குகிறவரும் ஏற்றுக்கொண்டுவிட்டால், நினைத்தபோது ரத்து பண்ண முடியாது. ஒரு பெரியவர் இருந்தார்; எந்த ஊர், எந்த மதம் என்பதெல்லாம் வேண்டாம். வீட்டை ஒரு தர்ம காரியத்துக்கு எழுதிவைத்துவிட்டு நாலு வருடம் கழித்து என்னிடம் வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை, அதில் பத்திர நகல். 'கோபத்துல எழுதிட்டேன்மா' என்றார். பிள்ளைகள் மேல் இருந்த கோபமாம். பக்தியில் எழுதியதாக ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

உயில் வேறு. சாகும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கிறிஸ்தவர்கள் உயில் மூலம் ஆலயத்துக்கு எழுத முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பழைய கதை. நெருங்கிய உறவு உள்ளவர்கள் தர்மத்துக்கு உயில் எழுதக் கட்டுப்பாடு போட்ட, அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2003-லேயே செல்லாது என்றுவிட்டது. உயிலோ தானமோ, எழுதுவது பதிவு பெற்ற டிரஸ்ட் அல்லது சங்கத்தின் பேரிலா என்று பாருங்கள்; தனி ஆள் பேரில், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எழுதாதீர்கள். அவருக்கும் வாரிசு உண்டு.

வசனம் காட்டிக் கேட்டதால்

நான் போதகி இல்லை. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு ஓரியூர்த் திருவிழாவுக்குப் போனவள், அவ்வளவுதான். ஆனால் பத்திரத்தை வரி வரியாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு வேதாகமத்திலும் சில வரிகள் தட்டுப்படும்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை 'பணம் பாவம்' என்று சுருக்கிவிட்டீர்கள். அங்கே இருப்பது 'பண ஆசை'. எல்லாத் தீமைக்கும் வேர் என்று அவர் சொன்னது அந்த ஆசையை. அதே நிருபத்தில் முந்தின அதிகாரத்திலேயே, தன் வீட்டாரைக் கவனிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்றும் இருக்கிறது. லீதியாள் இரத்தாம்பரம் (ஊதாத் துணி) விற்றவர். பவுலைத் தன் வீட்டில் தங்கவைத்தவர். பவுலே கூடாரம் செய்து பிழைத்தவர். முழுநேர ஊழியத்துக்குக் கடையை மூடித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? நிலம் விற்ற பணத்தைக் கொண்டுவந்து செத்து விழுந்த அனனியா சப்பீராள் தம்பதியைச் சொல்லிப் பயப்படுகிறீர்கள். அந்த இடத்தைத் திரும்பப் படியுங்கள். விற்பதற்கு முன்னும் அது உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். அவர்கள் மாட்டியது வைத்துக்கொண்டதால் இல்லை. ஒரு பங்கைக் கொண்டுவந்து முழுசு என்று சொன்னதால்.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது மாற்கு ஏழாம் அதிகாரத்துக் கொர்பான். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை 'இது தேவனுக்குக் காணிக்கை' என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்கிற வழக்கம் அன்றைக்கு இருந்தது. இயேசு அதைக் கடுமையாகக் கண்டித்தார். உங்கள் வீட்டில் மூன்று கூறு அம்மாவுடையது என்று மேலே சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பாஸ்டர் 'பொறுங்கள்' என்றதை நான் விசுவாசக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தட்டில் வந்து விழும் கடையைத் தள்ளிப்போடுகிற மனுஷர், தம்பி! எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ஏழாம் பக்கத்தில் எழுதியிருந்த ஒரு வரி மட்டும் என்னைச் சங்கடப்படுத்தியது. 'எல்லாம் கொடுத்தால் நூறு மடங்காகத் தருவார் என்று வாக்குத்தத்தம் இருக்கிறது, பிள்ளைகள் கதி அதில் வந்துவிடும்.' மாற்கு பத்தாம் அதிகாரத்தில் அந்த நூறு மடங்குக்கு நடுவிலேயே 'துன்பங்களோடேகூட' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைக் கூட்டங்களில் கொஞ்சம் வேகமாக வாசித்துவிடுகிறார்கள். அதோடு, 22 வருடம் பேரம் பேசிய வாய் இது. பதினைந்துக்கு வாங்கினால் நூற்றி எண்பதுக்குப் போகும் என்ற அதே கணக்கை ஆண்டவரிடமும் போடுகிறதோ என்று எனக்குத் தோன்றியது. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீங்கள் விடவேண்டும் என்று துடிப்பது எதுவோ, அது கடைக்குள் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சொத்து முழுவதையும் விட்டவர்கள் இருந்தார்கள், நான் மறுக்கவில்லை. நம் மண்ணிலேயே இருக்கிறார்கள். அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். நடுவில் போர்ச்சுக்கலுக்குத் திரும்பியபோது ராஜாவே இருக்கச் சொல்லியும் இருக்காமல், மறுபடி கப்பலேறி மறவர் சீமைக்கு வந்து 1693-ல் ஓரியூரில் தலையைக் கொடுத்தார். சருகணியில் 1973-ல் மறைந்த லெவே அடிகள் பிரான்ஸிலிருந்து வந்து இந்த வெயிலில் கரைந்தவர். இவர்கள் யாருக்கும் நர்சிங் படிக்கும் மகள் இல்லை. அவர்கள் விட்டது அவர்களுடையதை. வனத்து அந்தோணியார், 'உனக்குண்டானதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு' என்ற வசனத்தைக் கோயிலில் கேட்ட கையோடு நிலத்தைக் கொடுத்தவர். அவர்கூட முதலில் தங்கைக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்தார். பிறகு அதையும் கொடுத்தபோது, தங்கையை நம்பிக்கையான கன்னியரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வனத்துக்குப் போனார்.

ஐந்தாம் பக்கத்து ஆச்சி

இனி அந்த விஷயம். 2012-ல் ஒரு பெரிய வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் ஓர் ஆச்சி மட்டும் தனியாக இருந்தார். ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, பொதுவான வீடு. ஆச்சிக்கு ஆஸ்பத்திரிச் செலவு. வளவுக்குள் போகும் வேலைப்பாட்டுக் கதவை 15,000 கொடுத்துக் கழற்றி வந்தீர்கள். மற்ற பங்காளிகளுக்குத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். கொச்சியில் ஒரு ஓட்டலுக்கு 1,80,000-க்குப் போனது. 'அந்தக் கதவைக் கழற்றும்போது ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் இப்போது ஜெபத்தில் வருகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு, கொள்முதல் நோட்டுகளைப் புரட்டி இதுபோல் பதினொரு பெயர்களைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருப்பதாகவும்.

உங்கள் ஷட்டர் ஏன் கனக்கிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு விற்பனை செல்லாமல் போகாது. அந்தப் பதினொன்றில் பல, சட்டப்படி சுத்தமான வியாபாரம்தான். ஆனால் ஏழு பேருக்குப் பொதுவான வீட்டுக் கதவை ஒருவர் விற்க, அது தெரிந்தே நீங்கள் வாங்கியது அப்படி இல்லை, வில்லங்கம் உள்ளது. இத்தனை வருடம் கழித்து எவரும் வழக்குப் போடுவார்களா, போட்டால் நிற்குமா என்பது தனி. வழக்கு நிற்காமல் போகலாம். அதனால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடுமா?

லூக்காவில் பதினெட்டாம் அதிகாரத்தில் ஒரு பணக்காரர் வருகிறார். அவரிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்னார் இயேசு. அடுத்த அதிகாரத்திலேயே இன்னொரு பணக்காரர், சகேயு. அவரிடம் எதையும் விற்கச் சொல்லவில்லை. அவராகவே எழுந்து, பாதி ஏழைகளுக்கு, யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பி என்கிறார். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற பதில் அதற்குத்தான் கிடைத்தது. அந்த இரண்டு இடத்திலும் பணம் போகவேண்டியது ஏழைகளுக்கும் ஏமாந்தவர்களுக்கும். ஆலயக் கருவூலம் என்ற பேச்சே அங்கே இல்லை. நீங்கள் முதல் ஆளின் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் நோட்டு அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது.

பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன் மேல் ஒருவனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்பதும் மத்தேயுவில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்ட வசனத்துக்கு ஓர் அதிகாரம் முன்னால். உங்களுக்கு நினைவு வந்துவிட்டது. பதினொரு பெயரோடு, மையும் போட்டு.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். பதினொரு பேருக்கும் அன்றைய நியாய விலைக்கும் நீங்கள் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் எழுதுங்கள். நாலு மடங்கு உங்கள் மேல் விதியில்லை. அது சகேயு தன் வாயால் சொன்னது. ஆச்சி வீட்டுக் கணக்கு மட்டும் ஏழு புள்ளிக்கும் உரியது. ஆச்சி கையில் மட்டும் கொடுத்தால் இன்னொரு தகராறைக் கிளப்பிவிடுவீர்கள். கொடுப்பதைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். 'முழுத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு ரசீது வாங்குங்கள். உங்கள் வக்கீலிடம் காட்டாமல் நீண்ட மன்னிப்புக் கடிதம் எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். மனம் திரும்புகிறவரிடம் ரசீது வாங்கச் சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாவமன்னிப்பு ஓரிடத்தில், பங்காளிகள் ஓரிடத்தில்.

குடோனில் கிடக்கும் தஞ்சாவூர்க் கிருஷ்ணர் படத்தை 'விற்கவும் கூடாது, வைக்கவும் கூடாது, எரித்துவிடவா' என்று கேட்டிருந்தீர்கள். தொடாதீர்கள். அது ஒரு வீட்டுப் பூசை அறையில் தலைமுறையாக விளக்கேற்றிக் கும்பிட்டது. நூறு வருடம் தாண்டியிருந்தால் 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். பதிவு உண்டா என்று பாருங்கள். அந்தக் குடும்பத்தில் கேட்பவர் இருந்தால், முறையாக எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

இத்தனையும் முடிந்து, வங்கிக் கடனும் தீர்ந்து, வீட்டில் அம்மா, தங்கைகள் பங்கும் பிரிந்த பிறகு உங்களுடையது என்று மிஞ்சுவது எவ்வளவோ, அதுதான் நீங்கள் ஆண்டவருக்குக் கொடுக்கக்கூடியது. பெரிய தொகையாக இருக்காது. கடை மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். மிஞ்சினால், விற்க வருகிற ஆச்சிகளுக்கு நியாய விலை சொல்லும் ஒரு கடை இந்தப் பக்கத்தில் இருப்பதும் ஊழியம்தானா என்று பாஸ்டரைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு இருக்கும் அபிப்பிராயத்தை நான் சொல்லப் போவதில்லை.

மகன் பரீட்சை முடியும்வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்குள் வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் மூன்றையும் எடுத்து வையுங்கள். அந்தச் சிவப்பு மை நோட்டை இன்று ராத்திரியே மனைவியிடம் காட்டுங்கள். அவர் அழுவது நீங்கள் கொடுப்பதற்காக மட்டும்தானா, கேட்காமல் கொடுப்பதற்காகவா என்பது அப்போது தெரியும். ஆச்சி வீட்டுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் மட்டும் வாசலில் போய் நின்றால், இன்னொரு கதவுக்கு வந்திருக்கிறான் என்றுதான் ஆச்சி நினைப்பார்.